18 வயது நிறையும் மகனுக்கு எந்த எச்சரிக்கை பொருந்தும்?

தாம்பா அம்மா:
வணக்கம். ஆட்டிசம் உள்ள என் மகனுக்கு அடுத்த மாதம் 18 வயது நிறைகிறது. கதவு திறந்திருந்தால் ஓசையின்றி வெளியேறிவிடுவான். பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்பமாட்டான், கார் சாவியைக் குலுக்கினால் மட்டும் நின்று பார்ப்பான். இனி ஃபுளோரிடாவில் அவன் காணாமற்போனால், அவனைத் தேடப் பொதுமக்களுக்கு விடுக்கும் அறிவிப்பு ஆம்பர் எச்சரிக்கையாக இருக்குமா, சில்வர் எச்சரிக்கையாக இருக்குமா?

ஜாக்சன்வில்வாசி:
இரண்டும் பொருந்தா, அம்மா. 1996இல் டெக்சாஸில் ஒரு சிறுமி கடத்திக் கொல்லப்பட்டதை அடுத்து உருவான ஆம்பர், கடத்தப்பட்ட சிறார்களுக்கு உரியது. சில்வர், மறதிநோய் போன்றவற்றால் நினைவு தடுமாறுவோருக்கு உரியது. இவ்விரண்டிலும் அடங்காத, அறிவுசார் குறைபாடோ வளர்ச்சிக் குறைபாடோ மூளைக் காயமோ உள்ள, 18 வயது நிறைந்தவர்களுக்காகவே 2022 ஜூலை 1 முதல் இங்கே பர்ப்பிள் எச்சரிக்கை நடைமுறையில் இருக்கிறது. காணாமற்போனவருக்கு உடனடி ஆபத்து இருப்பதாகக் காவல்துறை கருதினால்தான் அதை விடுப்பார்கள் என்பதால், மருத்துவச் சான்றை இப்போதே எடுத்து வையுங்கள்.

பழைய உறுப்பினர்:
மேலே சொன்னது சரி. ஆனால் அறிவிப்பை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். நெடுஞ்சாலை மின்பலகையில் வரும் செய்தி வாகன எண்ணைத் தேடுவதற்கானது. கால்நடையாகப் போகும் பிள்ளைக்கு அதனால் பெரும் பயன் இல்லை. இப்படி வெளியேறிவிடுவோரைக் காக்க 2018இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்திற்குப் பெயர் தந்த, ஆட்டிசம் உள்ள கெவின், அவான்டே என்னும் இரு சிறுவர்களில், கெவின் 2008இல் அயோவாவில் ஆற்றில் மூழ்கினான். 2013இல் நியூயார்க்கில் பள்ளியிலிருந்து வெளியேறிய அவான்டேயின் உடல் எச்சங்கள் மறு ஆண்டு ஈஸ்ட் ஆற்றில் கிடைத்தன. ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலர் தண்ணீரை நாடிச் செல்வதால், அவசர உதவி எண் 911ஐ அழைக்கும்போதே அருகிலுள்ள குளங்களில் முதலில் தேடச் சொல்லுங்கள். சாவி விஷயத்தையும் மறவாமல் சொல்லுங்கள். தேடுபவருக்கு அவன் உயரத்தைவிட அதுதான் உதவும்.

ஒரு தந்தை:
எனக்கு ஒரு தயக்கம் உண்டு. பிள்ளை வீடு திரும்பிய பின்னும் அவன் படமும் குறைபாடும் இணையத்தில் நிலைத்துவிடுகின்றன. அக்கம்பக்கத்தாரிடம் முன்கூட்டியே நேரில் சொல்லி வைப்பதையே நான் விரும்புகிறேன்.

தாம்பா அம்மா:
அனைவருக்கும் நன்றி. படம் வெளியாவதைப் பற்றி, ஐயா, அவன் கிடைத்த பிறகு கவலைப்பட்டுக்கொள்கிறேன். நேற்று மாலை வீட்டைச் சுற்றி நடந்து பார்த்தேன்: மழைநீர் தேங்கும் குளங்கள் ஐந்து, அவற்றுள் மூன்றுக்கு வேலி இல்லை.