அப்பாவுக்கு தம்பி கல்லீரல் குடுக்கலாமா, அம்மா ரொம்ப பயப்படறாங்க

மலைக்கோட்டை:
அப்பாவுக்கு 58 வயசு, சிரோசிஸ், அதாவது கல்லீரல் தழும்பேறி கெட்டியாகி வேலை செய்யாம போற நோய். குடி கிடையவே கிடையாது, சுகரும் ஃபேட்டி லிவரும் சேந்து இப்படி ஆயிடுச்சு, ஆனா பாக்க வர்ற சொந்தக்காரங்க மொதல்ல கேக்கறதே "குடிப்பாரா"ன்னு தான், அப்பா தலைய குனிஞ்சுக்கறார், எனக்கு நெஞ்சு அடைக்குது. வயித்துல நீர் கோத்து 15 நாளைக்கு ஒரு தடவை 5 லிட்டர் எடுக்கறாங்க. போன வாரம் ராத்திரி எந்திரிச்சு அம்மாவ பாத்து "நீங்க யாரு"ன்னு கேட்டுட்டார், ரத்தத்துல அமோனியா ஏறினதால அப்படியாம். மாற்று ஆபரேஷன் தான் வழின்னுட்டாங்க. நான் 5 மாசம் முழுகாம இருக்கேன், குடுக்க முடியாது. தம்பிக்கு 26, ஓ குரூப், நான் தரேன்னு நிக்கிறான். அம்மா "ஒருத்தர காப்பாத்தப் போய் ரெண்டு பேரையும் பறிகொடுத்துட்டா என்னடி பண்ணுவேன்"னு அழறாங்க. குடுத்தவங்க யாராவது இருந்தா உள்ளத உள்ளபடி சொல்லுங்க.

வைகைக்கரை:
அக்கா, நான் 2019ல எங்க அப்பாவுக்கு குடுத்தேன். வலது பாகம், மொத்தத்துல 60 சதவீதத்துக்கு மேல எடுத்தாங்க, பித்தப்பையும் கூடவே போயிடும். குடுக்கறவங்களுக்கு 30 சதவீதத்துக்கு மேல மிஞ்சுமான்னு சிடி ஸ்கேன் எடுத்து அளந்து பாத்து தான் ஒத்துக்குவாங்க. வெட்டின பக்கம் மறுபடி முளைக்கும்னு சொல்றது தப்பு, மிச்சம் இருக்கற பக்கம் தான் பெருசாகும், ரெண்டு மூணு மாசத்துல கிட்டத்தட்ட பழைய அளவுக்கு வந்துடும். வலி இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். மொத நாலு நாள் இருமல் வந்தாலே உசுரு போகும், தலகாணிய வயித்தோட அணைச்சுகிட்டு தான் இருமினேன். 8வது நாள் வீட்டுக்கு வந்தேன், தழும்ப சுத்தி தொட்டா இன்னும் மரத்த மாதிரி தான் இருக்கு. அப்பா இப்ப காலையில நடந்து போய் பால் வாங்கிட்டு வர்றார்.

வார்டு_சிஸ்டர்:
மாற்று ஆபரேஷன் வார்டுல நர்ஸா இருக்கேன்ம்மா. ஆபத்தே இல்லன்னு யாரும் சொல்லக்கூடாது. வலது பாகம் குடுக்கறதுல 200லருந்து 500 பேருக்கு ஒருத்தர் உயிருக்கு ஆபத்துன்னு கணக்கு, பித்தநீர் கசிவு, இன்ஃபெக்ஷன் மாதிரி தொல்லை அதவிட அதிகம் பேருக்கு வரும். நீங்க மொதல்ல பண்ண வேண்டியது தம்பிய தனியா உக்கார வச்சு, அம்மாவும் நீங்களும் இல்லாம, டாக்டர்கிட்ட பேச விடறது. தியேட்டருக்குள்ள போற வரைக்கும் வேணாம்னு சொல்ல அவருக்கு உரிமை இருக்கு. குடும்பமே சுத்தி நிக்கும்போது ஒரு பையன் சரின்னு தலையாட்டறது வேற, மனசார சரின்னு சொல்றது வேற, ரெண்டையும் நான் கண்ணால பாத்துருக்கேன். தம்பிக்கு கல்லீரல்ல கொழுப்பு இருந்தா எடைய குறைச்சுட்டு வான்னு திருப்பி அனுப்புவாங்க, பயந்துடாதீங்க, சீனி, எண்ணெய் பலகாரம் நிறுத்தி தெனம் நடந்து ரெண்டு மாசத்துல சரி பண்ணிட்டு வந்தவங்க இருக்காங்க. அதுவரைக்கும் சும்மா இருக்காம மூளைச்சாவு அடைஞ்சவங்க உறுப்புக்கு டிரான்ஸ்டான் (தமிழ்நாடு அரசோட உறுப்பு மாற்று ஆணையம்) லிஸ்ட்ல அப்பா பேர பதிய ஆஸ்பத்திரில கேளுங்க. முதலமைச்சர் காப்பீட்டு திட்டத்துல இந்த ஆபரேஷன் வருது, சென்னை ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிலயே பண்றாங்க, விசாரிக்காம நகைய அடகு வைக்காதீங்க.

பட்டுத்தறி:
அம்மாகிட்ட இத சொல்லுங்க. இந்தியாவுல மொத தடவை ஒரு குழந்தைக்கு இந்த ஆபரேஷன் ஜெயிச்சது 1998ல, டெல்லில, குழந்தை எங்க காஞ்சிபுரம். ரெண்டு வயசு கூட ஆகல, பித்தக்குழாய் அடைப்பு, அப்பா தான் தன் கல்லீரல்லருந்து குடுத்தார். அந்தப் பையன் வளந்து டாக்டரே ஆயிட்டார்.

மலைக்கோட்டை:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. சிஸ்டர் சொன்ன மாதிரி தம்பிய தனியா அனுப்பினேன், முக்கா மணி நேரம் பேசிட்டு வந்து "அக்கா, எனக்கு பயமா தான் இருக்கு, ஆனா குடுக்கறேன்"னான். பயமா இருக்குன்னு அவன் வாயால சொன்னது இதுதான் மொத தடவை. அம்மா ஒண்ணு கேக்க சொன்னாங்க, அவன் மார்க்கெட்ல மூட்டை ஏத்தற வேலை, அப்பறம் வெயிட்டு தூக்கலாமா?

வைகைக்கரை:
3 மாசத்துக்கு ஒரு குடம் தண்ணி கூட தூக்க விடாதீங்க அக்கா, தையல் போட்ட இடத்துல குடலிறக்கம் வந்துடும். அதுக்கப்பறமும் டாக்டர் பாத்து சரின்னு சொன்னப்பறம் தான் மூட்டை, முதலாளிகிட்ட இப்பவே பேசி வச்சுடுங்க.