1600 ஏர்கூல்டு கேஸ்: முகத்தைச் சீவலாமா, லைன் போரிங்தானா?

வண்டு_பிரியன்
ஃபோக்ஸ்வேகன் டைப் 1 (பீட்டில்) இஞ்சின், 1600 சிசி, மேக்னீசியம் கேஸ் (கிராங்க் ஷாஃப்ட்டைத் தாங்கும், இரண்டு பாதியாகச் சேரும் இஞ்சின் உடல்). பிரித்துக் கழுவி வைத்திருக்கிறேன். இரண்டாம் மெயின் பேரிங்கை (கிராங்க் இதில்தான் சுழலும்) தாங்கும் சுவரில், இரண்டு பாதியும் சேரும் இடத்தில், மங்கலாகத் தேய்ந்த தடம் தெரிகிறது. முன்பு இஞ்சின் சூடானதும் ஐடிலில் ஆயில் விளக்கு மினுக்கும். கிராங்கை 0.25 மி.மீ. அண்டர்சைஸுக்கு (அந்த அளவு சிறிதாக) கிரைண்ட் செய்தாகிவிட்டது. பட்டறையில், "சேரும் முகத்தைக் கொஞ்சம் சீவினால் போர் (பேரிங் துளை) இறுகிவிடும், லைன் போரிங் (எல்லாத் துளையையும் ஒரே அச்சில் வெட்டுவது) எதற்கு?" என்கிறார்கள். செய்யலாமா?

போரிங்_பார்
தயவுசெய்து சீவ விடாதீர்கள். இந்தக் கேஸ் நடுவில் பிளவுபட்டது. மெயின் பேரிங் மட்டுமல்ல, கேம் ஷாஃப்ட், ஆயில் பம்ப், ஃபிளைவீல் பக்கத்து ஆயில் சீல் எல்லாமே அந்தப் பிளவில்தான் உட்கார்கின்றன. முகத்தில் எடுத்தால் இவை அத்தனையும் ஒரே திசையில் குறுகி முட்டை வடிவமாகும். பிறகு சீல் கசியும், பம்ப் சரியாக உட்காராது. சிலிண்டர் உட்காரும் முகமும் கிராங்குக்கு நெருங்கிவிடும்.

நீங்கள் பார்த்த தடம்தான் முக்கியமான செய்தி. ஓடும்போது நடு மெயினில் இரண்டு பாதியும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டிருக்கின்றன. ஆனால் கண்ணால் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். கிராங்க், பேரிங் எதுவும் இல்லாமல் இரண்டு பாதியையும் சேர்த்து, 12 மி.மீ. ஸ்டட் நட்டுகளை 34 நியூட்டன் மீட்டருக்கு முறுக்குங்கள். சிலிண்டர் துளை வழியாகக் கை விளக்கு அடித்துப் பாருங்கள், நடுச்சுவரில் வெளிச்சம் கசிகிறதா என்று. அப்புறம் போர் கேஜ் (துளையின் விட்டம் அளக்கும் கருவி). முதல் மூன்று மெயின்களும் 65.00 முதல் 65.02 மி.மீ. இருக்க வேண்டும், நான்காவது 50. ஒவ்வொன்றையும் பிளவுக்கு நேராக, குறுக்காக, சாய்வாக என்று மூன்று திசையில் அளந்து பாருங்கள். வட்டம் கெட்டிருந்தால் லைன் போரிங்தான் வழி.

அதற்கு முன் மூன்றாம் சிலிண்டருக்குப் பின்னால், ஃபிளைவீல் பக்கம், விரிசல் இருக்கிறதா என்று டை பெனட்ரன்ட் (விரிசலைக் காட்டும் சாயம்) போட்டுப் பாருங்கள். இந்தக் கேஸ்கள் வழக்கமாக விடும் இடம் அது. அங்கே விரிசல் இருந்தால் நான் அந்தக் கேஸில் ஒரு பைசா செலவழிக்க மாட்டேன்.

எண்ணெய்க்கை
ஆயில் கேலரி (கேஸுக்குள் எண்ணெய் ஓடும் வழி) பிளக்குகளைக் கழற்றி உள்ளே பிரஷ் விட்டீர்களா? கழற்றாமல் கழுவியது கழுவியதில்லை. போரிங் முடிந்த பிறகும் இன்னொரு முறை கழுவ வேண்டும். சிலிண்டர் ஹெட் ஸ்டட்களின் த்ரெட் இழுபட்டிருந்தால் கேஸ் சேவரும் (துளைக்குள் போடும் புதிய த்ரெட் குழல்) இப்போதே போட்டுவிடுங்கள். மேக்னீசியத் துருவல் தீப்பற்றும், அதில் தண்ணீர் ஊற்றக் கூடாது. பக்கத்தில் உலர்ந்த மணல் இருக்கட்டும்.

வண்டு_பிரியன்
அளந்தேன். முதலாவதும் மூன்றாவதும் அளவில் இருக்கின்றன. இரண்டாவது மட்டும் பிளவுக்குக் குறுக்கே 65.06. விரிசல் இல்லை. அந்த ஒன்றை மட்டும் வெட்டினால் போதுமா?

போரிங்_பார்
போதாது. எல்லா மெயினும் ஒரே அச்சில் இருக்க வேண்டும், அதனால் ஒரே செட்டிங்கில் வரிசையாக வெட்ட வேண்டும். பேரிங் செட்டும் வெளி அளவு மொத்தமும் ஒன்றாகத்தான் வரும். முதல் வெட்டு என்றால் வெளியே 0.50 ஓவர்சைஸ், உள்ளே உங்கள் கிராங்குக்கு 0.25 அண்டர்சைஸ். இரண்டையும் சொல்லி வாங்குங்கள். பழைய பேரிங்கின் முதுகைப் பாருங்கள், அதில் ஏற்கெனவே 0.50 என்று பொறித்திருந்தால் கேஸ் ஒருமுறை வெட்டப்பட்டது, அப்போது அடுத்த அளவுக்குப் போக வேண்டியிருக்கும். செட் கைக்கு வந்த பிறகே வெட்டச் சொல்லுங்கள்.