மன்னித்தாயிற்று, பெட்டிச் சாவியையும் கொடுப்பதா?

வலைஞன்: காணிக்கையில் கைவைத்த சபைப் பொருளாளர், மூப்பர்கள் கேட்டதும் ஒத்துக்கொண்டு மனந்திரும்பினார். சபையும் மன்னித்துவிட்டது. பழைய பொறுப்பைத் திரும்பக் கொடுக்கலாமா?

கரிநெருப்பு: கொடுக்கணும். தம்மை மூன்று தரம் மறுதலித்த பேதுருவிடம் ஆண்டவர் இயேசு தம் ஆடுகளையே, அதாவது விசுவாசிகளையே, ஒப்படைத்தார். "மன்னிச்சாச்சு, ஆனா சாவி கிடையாது" என்றால் பாதி மன்னிப்பு பாக்கி நிற்குது.

படிக்கல்: பிரதர், ஐக்கியம் வேறு, பொறுப்பு வேறு. 2 கொரிந்தியர் 2-இல் பவுல், சபை கண்டித்த ஒருவனை மன்னித்து ஆறுதல் செய்யச் சொல்கிறார். பதவி பற்றிப் பேச்சே இல்லை. உதவிக்காரருக்கு (டீக்கன்களுக்கு) 1 தீமோத்தேயு 3:10 இருக்கு, முதலில் சோதிக்கப்படணும். எடுத்த பணமும் வரணும். லேவியராகமம் 6:5 முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தரச் சொல்கிறது. தவணை என்றால் எழுத்தில் இருக்கட்டும்.

கரிநெருப்பு: சோதனை எத்தனை வருஷம்? கட்டாயமே இல்லாமல் விசுவாசத்தை விட்டவர்களுக்கு கி.பி. 325-இல் நிசேயாவில் கூடிய பேராயர்களின் சங்கம் 12 வருஷம் வைத்தது: வசனம் கேட்போராக 3, முழங்காலில் 7, திருவிருந்து இல்லாமல் ஜெபத்தில் மட்டும் 2. அந்த வழிக்கா போகணும்?

படிக்கல்: அந்தச் சங்கத்தின் அடுத்த விதியையும் வாசிங்க. கண்ணீரும் நற்கிரியையும் காட்டுகிறவனுக்குச் சலுகை தரும் அதிகாரம் பேராயருக்கு உண்டு. ஏனோதானோ என்று வருகிறவன் முழுக் காலமும் இருக்கணும்.

நூலேணி: சாவியை விடுங்க, சபைகள் சறுக்குவது வேறிடத்தில். கண்டிப்பு ஞாயிறு ஆராதனையில் எல்லார் முன்னும். மன்னிப்பு போதகர் வீட்டில் மூன்று பேரோடு முடிந்துவிடும். மற்றவர்கள் இன்னமும் அவர் பக்கத்தில் உட்காரத் தயங்குவார்கள். 2 கொரிந்தியர் 2:8-இல் அன்பைக் காண்பிக்கச் சொல்லும் கிரேக்கச் சொல்தான் கலாத்தியர் 3:15-இல் உடன்படிக்கையை "உறுதிபண்ண" வருகிறது. பாவம் எத்தனை பேருக்குத் தெரியுமோ, சேர்த்துக்கொண்டதும் அத்தனை பேருக்கும் தெரியணும். அதேபோல் மத்தேயு 18:15 தனியாகப் போய்ச் சொல்லச் சொல்கிறது. அதை "ஜெபக்குறிப்பு" என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டால் முதல் படியிலேயே கால் வழுக்கிவிடும்.

கரிநெருப்பு: அறிவிப்பு சரி. காணிக்கை எண்ணும் மேசைக்கு அவர் எப்போது வரலாம்?

படிக்கல்: அந்த மேசையில் யாரையும் தனியாக விடக்கூடாது. உறவில்லாத இருவர், ஆராதனை முடிந்த கையோடு எண்ணி, தாளில் இருவரும் கையெழுத்து. காணிக்கையைக் கொண்டுபோக பவுலே துணை ஆட்களை வைத்தார், 2 கொரிந்தியர் 8:20. ஒரே ஆளிடம் பெட்டியையும் கணக்கு நோட்டையும் கொடுத்தது சபையின் தப்பு.

கரிநெருப்பு: அப்போ சபையும் அவரிடம் மன்னிப்புக் கேட்கணும். மூப்பர் கூட்டக் குறிப்பில் அதை எழுதுவார்களா?