சிசிஎன்ஏ 200-301: மைண்ட் மேப் போட்டுப் படிச்சும் டிரபிள்ஷூட்டிங் கேள்வியில் தடுமாறுது, மேப்பை எப்படி மாத்தணும்?

சப்நெட்_மாணவன்:

வணக்கம். சிஸ்கோவின் நெட்வொர்க்கிங் சான்றிதழான சிசிஎன்ஏ தேர்வுக்கு, ஃப்ரீப்ளேன்ங்கற மைண்ட் மேப் மென்பொருளில் மேப் போட்டுப் படிக்கிறேன். மொத்தப் பாடமும் ஒரே ஃபைல். நடுவில் "சிசிஎன்ஏ", சுத்தி சிஸ்கோவின் ஆறு பிரிவு: அடிப்படை 20%, நெட்வொர்க் ஆக்சஸ் 20%, ஐபி கனெக்டிவிட்டி 25%, ஐபி சர்வீசஸ் 10%, பாதுகாப்பு 15%, ஆட்டோமேஷன் 10%. ஒவ்வொண்ணுக்கும் கீழே புரோட்டோகால், அதுக்குக் கீழே விளக்கம், டைமர், போர்ட் நம்பர், கட்டளைகள்.

"எச்எஸ்ஆர்பி எதுக்கு?" மாதிரி நேரான கேள்விக்கு விடை வந்துடுது. கீழே உள்ள மாதிரி வந்தா நிக்குது.

கேள்வி 1: வீலேன் (சுவிட்சுக்குள் பிரிச்ச தனி நெட்வொர்க்) 20ல் இருக்கும் பிசிக்கு 169.254.23.7 முகவரி வருது, அதாவது சர்வர் முகவரி கொடுக்காததால பிசி தானே வச்சுக்கிட்டது. முகவரி கொடுக்கற டிஎச்சிபி சர்வர் வீலேன் 99ல். அதே சுவிட்சில் வீலேன் 10 பிசிக்கள் எல்லாம் சரியா முகவரி வாங்குது. எங்கே கோளாறு?

கேள்வி 2: ரூட்டிங் டேபிளில் 10.1.0.0/16 ஓஎஸ்பிஎஃப் வழியா, 10.1.1.0/24 ரிப் வழியா இருக்கு. 10.1.1.5க்குப் போகும் பாக்கெட் எந்த வழியா போகும்? ரெண்டும் ரூட்டர்கள் வழி பகிர்ந்துக்கற புரோட்டோகால். என் மேப்பில் ஏடி (எந்த வழியை அதிகம் நம்பணும்ங்கற எண்) ஓஎஸ்பிஎஃப்புக்கு 110, ரிப்புக்கு 120. சின்ன எண் ஜெயிக்கும்னு பார்த்தா ஓஎஸ்பிஎஃப். ஆனா விடை ரிப்.

மேப்பை இன்னும் விரிவாக்கணுமா, வேற மாதிரி அடுக்கணுமா? ஃபோனில் திறந்தா எழுத்தே தெரியாத அளவுக்கு ஏற்கெனவே பெருசா இருக்கு.

---

ரூட்டர்மணி:

விரிவாக்க வேண்டாம். இப்போது உங்களிடம் இருப்பது பாடத்திட்டத்தின் கிளைப் பட்டியல். எந்தப் பாடம் முடிந்தது, எது பாக்கி என்று பார்க்க அது போதும், அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். கோளாறு கண்டுபிடிக்கும் கேள்வி பிரிவு பார்த்து வருவதில்லை. உங்கள் முதல் கேள்வியையே பாருங்கள். வீலேன், டிரங்க் (பல வீலேன்களைச் சுமக்கும் இணைப்பு) ஆகியவை நெட்வொர்க் ஆக்சஸ். ரிலே (டிஎச்சிபி கோரிக்கையை வேறு நெட்வொர்க்கில் உள்ள சர்வருக்குக் கடத்துவது) ஐபி சர்வீசஸ். ஸ்னூப்பிங் (போலி டிஎச்சிபி சர்வரைத் தடுக்கும் வசதி) பாதுகாப்பு. விடை மூன்று கிளைகளில் சிதறிக் கிடக்கிறது, உங்கள் மேப்பில் அந்த மூன்றுக்கும் நடுவே கோடே இல்லை.

ஆகவே நடுவில் புரோட்டோகால் பெயரைப் போடாமல் அறிகுறியைப் போடுங்கள். ஒரு அறிகுறிக்கு ஒரு மேப், ஒரு ஏ4 தாளுக்குள். கிளைகள் பாக்கெட் போகும் வரிசையில் வர வேண்டும். ஒவ்வொரு கிளையிலும் மூன்று விஷயம் மட்டும்: என்ன கேட்க வேண்டும், எந்த ஷோ கட்டளை அதைக் காட்டும், தப்பாக இருந்தால் வெளியீட்டில் என்ன தெரியும்.

நடு: "பிசிக்கு 169.254"

கிளை 1, ஆக்சஸ் போர்ட். போர்ட் அப் நிலையில் இருக்கிறதா? சரியான வீலேனில் இருக்கிறதா? "ஷோ வீலேன் பிரீஃப்". போர்ட் செக்யூரிட்டியோ பிபிடியு கார்டோ அதை எர்ர்-டிசேபிள்ட் ஆக்கி முடக்கியிருக்கிறதா? "ஷோ இன்டர்ஃபேஸஸ் ஸ்டேட்டஸ்". போர்ட்ஃபாஸ்ட் (காத்திருக்காமல் போர்ட்டைத் திறக்கும் அமைப்பு) இல்லையென்றால், எஸ்டிபியின் (சுவிட்சுகளுக்கு இடையே வளையத்தைத் தடுக்கும் புரோட்டோகால்) பழைய வடிவமான 802.1டி-யில் லிசனிங் 15 விநாடி, லேர்னிங் 15 விநாடி. அந்த 30 விநாடிக்குள் பிசி டிஎச்சிபி கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோகலாம். இங்கிருந்து எஸ்டிபி மேப்புக்கு ஒரு கோடு இழுங்கள்.

கிளை 2, டிரங்க். அந்த வீலேன் அனுமதிப் பட்டியலில் இருக்கிறதா? நடுவில் உள்ள சுவிட்சில் அந்த வீலேன் உருவாக்கப்பட்டிருக்கிறதா? "ஷோ இன்டர்ஃபேஸஸ் டிரங்க்".

கிளை 3, கேட்வே. வீலேன் 20க்கான எஸ்விஐ (சுவிட்சில் அந்த வீலேனின் கேட்வே இன்டர்ஃபேஸ்) அல்லது சப்-இன்டர்ஃபேஸ் அப் நிலையில் இருக்கிறதா? அதில் ரிலே செய்யும் ஐபி ஹெல்ப்பர்-அட்ரஸ் இருக்கிறதா? பிசி முதலில் அனுப்பும் டிஎச்சிபி டிஸ்கவர் ஒரு பிராட்காஸ்ட், ரூட்டர் அதைத் தாண்டி அனுப்பாது. ஏசிஎல் (பாக்கெட்டை அனுமதிக்கும், தடுக்கும் பட்டியல்) ஏதாவது டிஎச்சிபியின் யுடிபி 67, 68ஐத் தடுக்கிறதா?

கிளை 4, ஸ்னூப்பிங். இயக்கிய வீலேனில் எல்லாப் போர்ட்டும் நம்பாத போர்ட்டாகவே தொடங்கும். சர்வர் பக்கம் போகும் போர்ட்டில் டிரஸ்ட் கொடுத்திருக்கிறார்களா? "ஷோ ஐபி டிஎச்சிபி ஸ்னூப்பிங்".

கிளை 5, சர்வர். வீலேன் 20 சப்நெட்டுக்கு பூல் இருக்கிறதா? விலக்கிய முகவரி வரம்பு பூல் முழுவதையும் விழுங்கிவிட்டதா? வீலேன் 20 கேட்வே முகவரிக்கு சர்வரிலிருந்து திரும்பும் வழி இருக்கிறதா?

இனி கேள்வியில் கொடுத்த துப்பை மேப்பின் மேல் வையுங்கள். வீலேன் 10 வேலை செய்கிறது. ஆகவே சர்வர் உயிரோடு இருக்கிறது, டிரங்க் கேபிள் சரி, சர்வருக்குப் போகும் பாதையும் சரி. அவற்றை அடித்துவிடுங்கள். மிஞ்சுவது வீலேன் 20க்கு மட்டும் உரியவை: ஆக்சஸ் போர்ட்டின் வீலேன், டிரங்க்கின் அனுமதிப் பட்டியல், எஸ்விஐ 20, அதன் ஹெல்ப்பர், 20க்கான பூல், அதற்குத் திரும்பும் வழி. ஸ்னூப்பிங்கை உடனே அடிக்காதீர்கள். அது வீலேன் வாரியாக இயக்கப்படுவது. 20க்கு இயக்கி 10க்கு இயக்காமல் விட்டிருந்தால், டிரஸ்ட் இல்லாத போர்ட் 20ஐ மட்டும் கெடுக்கும்.

---

வயர்க்கட்டு:

ரூட்டர்மணி சார் சொன்ன கிளை 4ல் ஒண்ணு சேர்க்கணும். டிரஸ்ட் எல்லாம் சரியா இருந்தும் சில நேரம் முகவரி வராது. ஸ்னூப்பிங் போட்ட சிஸ்கோ சுவிட்ச், கிளையன்ட் அனுப்பும் பாக்கெட்டில் ஆப்ஷன் 82ஐ (எந்தப் போர்ட்டிலிருந்து வந்ததுங்கற தகவல்) சேர்க்கும். ஆனா அந்த சுவிட்ச் ரிலே இல்லை, அதனால ரிலே முகவரி இடத்தில் 0.0.0.0தான் இருக்கும். ஆப்ஷன் 82 இருந்து ரிலே முகவரி பூஜ்யமா இருந்தா சிஸ்கோ ரூட்டர் அந்தப் பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுடும். சுவிட்சில் "நோ ஐபி டிஎச்சிபி ஸ்னூப்பிங் இன்ஃபர்மேஷன் ஆப்ஷன்" போட்டா சரியாகும். லேப் செய்யும்போது நிறையப் பேர் நிக்கற இடம் இது.

ரெண்டாவது கேள்விக்கு வர்றேன். அங்கே குறைபாடு என்னன்னா, உங்க மேப்பில் ஏடி எண்கள் இருக்கு, அது எந்தக் கட்டத்தில் வேலை செய்யுதுங்கறது இல்லை. ரெண்டு பெட்டி போடுங்க.

பெட்டி அ, "டேபிளுக்குள் நுழைவு". *ஒரே* நெட்வொர்க், *ஒரே* மாஸ்க் ரெண்டு வழியில் தெரிய வந்தா மட்டும் ஏடி பார்க்கும். கனெக்டட் 0, ஸ்டாடிக் 1, இபிஜிபி 20, ஈஐஜிஆர்பி 90, ஓஎஸ்பிஎஃப் 110, ரிப் 120. ஒரே புரோட்டோகாலிலேயே ரெண்டு வழி வந்தா மெட்ரிக். அதுவும் சமமா இருந்தா ரெண்டும் உள்ளே போகும்.

பெட்டி ஆ, "டேபிளில் தேடல்". பாக்கெட் வந்த பிறகு பார்க்கறது மிக நீளமான பொருத்தம் மட்டும். இங்கே ஏடி எட்டியே பார்க்காது.

/16ம் /24ம் ரூட்டருக்கு வேற வேற நெட்வொர்க். அதனால ரெண்டும் டேபிளுக்குள்ளே இருக்கு, போட்டியே நடக்கலை. 10.1.1.5 ரெண்டுக்கும் பொருந்தும், /24 நீளம், ரிப் வழியா போகுது. இதே கேள்வியை மாத்தி ரெண்டு பக்கமும் /24ன்னு கொடுத்தா ஓஎஸ்பிஎஃப் உள்ளே போகும், ரிப் வழி டேபிளிலேயே தெரியாது. ஃப்ளோட்டிங் ஸ்டாடிக்குக்கு (முக்கிய வழி போனா மட்டும் வேலைக்கு வர்ற ஸ்டாடிக் வழி) 110க்கு மேல் ஒரு எண், உதாரணமா 130, ஏன் கொடுக்கறாங்கங்கறதும் பெட்டி அ-விலிருந்தே புரியும்.

---

கீழடுக்கு:

மேப்பை எப்படி அடுக்குவது என்பதை விட அதை எப்படிப் பயன்படுத்துவது என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன். 2011ல் பர்டியூ பல்கலைக்கழகத்தின் கார்ப்பிக், பிளண்ட் இருவரும் சயன்ஸ் இதழில் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். பாடத்தைக் கண்முன் வைத்துக்கொண்டு கருத்து வரைபடம் போட்டவர்களை விட, பாடத்தை மூடி வைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில் நன்றாகச் செய்தார்கள். புத்தகம் திறந்திருக்க, வண்ணம் வண்ணமாகக் கிளை இழுத்துக்கொண்டிருந்தால் படித்த நிறைவு வரும், தேர்வறையில் கைகொடுக்காது.

---

ரூட்டர்மணி:

கீழடுக்கு சொல்வது சரி, ஆனால் அதற்காக மேப்பை விட வேண்டியதில்லை. மேப்பையே மூடிய புத்தகத்தோடு போடலாம். வெற்றுத் தாள், நடுவில் அறிகுறி, 8 நிமிடம், நீலப் பேனா. நேரம் முடிந்ததும் அசலைத் திறந்து விட்டதையெல்லாம் சிவப்பில் எழுதுங்கள். சிவப்பு எங்கே குவிகிறதோ அதுதான் மறுநாள் படிக்க வேண்டிய பக்கம். 2 நாள் கழித்து மீண்டும், பிறகு ஒரு வாரம் கழித்து. ஃப்ரீப்ளேனில் என்றால் ஸ்பேஸ் தட்டி எல்லாக் கிளையையும் மடக்கி, உள்ளே இருப்பதை வாயால் சொல்லிவிட்டு ஒவ்வொன்றாக விரியுங்கள்.

ஃபோனில் தெரியாத சிக்கல், அறிகுறிக்கு ஒரு ஃபைல் என்று பிரித்தாலே போய்விடும். கையால் மறுபடி தட்டச்சு செய்ய வேண்டாம். டெக்ஸ்ட் எடிட்டரில் டேப் வைத்து உள்தள்ளி எழுதிய வரிகளை ஃப்ரீப்ளேனில் ஒட்டினால் அவையே கிளைகளாகிவிடும்.

---

சப்நெட்_மாணவன்:

மிக்க நன்றி சார், வயர்க்கட்டு அண்ணா. இதே முறையில் ஓஎஸ்பிஎஃப்புக்குப் போட்டுப் பார்த்தேன். நடு: "நெய்பர் வரலை". கிளைகள்: ஏரியா, ஹலோ/டெட் டைமர், சப்நெட், ஆதென்டிகேஷன், பிராசஸ் ஐடி, எம்டியு (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு), நெட்வொர்க் டைப். சரியா? அப்புறம் போர்ட் நம்பர், எஸ்டிபி காஸ்ட் மாதிரி எண்களை எங்கே வைக்கறது?

---

வயர்க்கட்டு:

பிராசஸ் ஐடியை எடுத்துடுங்க தம்பி. அது அந்த ரூட்டருக்குள்ளே மட்டும் பொருள் உள்ள எண், ஒரு பக்கம் 1, மறுபக்கம் 50 இருந்தாலும் நெய்பர் ஆகும். விடைத் தேர்வுகளில் அதைத் தூண்டிலா வைப்பாங்க, அதனால மேப்பின் ஓரத்தில் "பொருந்த வேண்டாம்"னு எழுதி வைக்கலாம். பொருந்தவே கூடாதது ரூட்டர் ஐடி.

இன்னொண்ணு, மீதி ஆறையும் ஒரே தட்டில் வைக்காதீங்க. "ஷோ ஐபி ஓஎஸ்பிஎஃப் நெய்பர்" காட்டற நிலையே கிளையா வரணும்.

பட்டியலில் ஆளே இல்லை: இன்டர்ஃபேஸ் டவுன், பாஸிவ்-இன்டர்ஃபேஸ், நெட்வொர்க் கட்டளையில் வைல்ட்கார்ட் தப்பு, ஏரியா, சப்நெட், டைமர், ஆதென்டிகேஷன். ஈதர்நெட்டில் ஹலோ 10, டெட் 40 விநாடி. ஒரு பக்கம் ஹலோவை மாத்தினா டெட் தானா நாலு மடங்காகும், மறுபக்கம் பழைய எண்ணிலேயே நிக்கும்.

இனிட்: அவங்க ஹலோ நமக்கு வருது, நம்ம ஹலோ அவங்களுக்குப் போகலை. ஒருவழித் தடை, பெரும்பாலும் ஏசிஎல்.

2-வே: டிஆர், பிடிஆர் (நெட்வொர்க்குக்குத் தேர்ந்தெடுத்த தலைமை ரூட்டரும் அதன் மாற்றும்) அல்லாத ரெண்டு ரூட்டருக்கு நடுவே இதுதான் இயல்பு, கோளாறு இல்லை. ஆனா ரெண்டே ரூட்டர் இருந்து ரெண்டிலும் பிரையாரிட்டி 0ன்னா டிஆர் ஆக ஆளில்லாம இங்கேயே நிக்கும்.

எக்ஸ்ஸ்டார்ட் / எக்ஸ்சேஞ்ச்: எம்டியு. ஒரு பக்கம் 1500, மறுபக்கம் 1400. ஹலோ சின்னது, அதனால 2-வே வரை தடையில்லாம வந்துடும். டேட்டாபேஸ் விவரப் பாக்கெட்டுக்குள்ளே எம்டியு எழுதியிருக்கும், அங்கேதான் சண்டை.

ஃபுல், ஆனா ரூட் இல்லை: நெட்வொர்க் டைப். ஒரு பக்கம் பிராட்காஸ்ட், மறுபக்கம் பாயின்ட்-டு-பாயின்ட். ரெண்டுக்கும் டைமர் 10/40தான், அதனால நெய்பர் ஆயிடும், வழி மட்டும் டேபிளுக்கு வராது. "நெய்பர் வரலை"ன்னு நடுவில் எழுதினா இந்தக் கிளைக்கு இடமே இருக்காது. "ஓஎஸ்பிஎஃப் வழி டேபிளில் இல்லை"ன்னு மாத்துங்க.

சிசிஎன்ஏவுக்கு ஒற்றை ஏரியா ஓஎஸ்பிஎஃப்வி2 போதும். ஸ்டப், என்எஸ்எஸ்ஏ, எல்எஸ்ஏ வகை 5, 7 எல்லாம் இந்தத் தாளில் வேண்டாம்.

---

கீழடுக்கு:

எண்கள் அட்டைக்குப் போகட்டும். ஆங்கி என்ற நினைவட்டை மென்பொருள் போதும். எஸ்டிபி காஸ்ட் (100 எம்பிக்கு 19, 1 ஜிபிக்கு 4, 10 ஜிபிக்கு 2), ஏசிஎல் எண் வரம்பு (ஸ்டாண்டர்ட் 1–99, 1300–1999, எக்ஸ்டெண்டட் 100–199, 2000–2699), போர்ட் நம்பர்கள். இவற்றுக்குள் உறவு இல்லை, கிளை போட்டு ஒன்றும் விளங்காது. அட்டை ஒன்றுக்கு ஒரே விடை.

சப்நெட்டிங்குக்கு மேப்பும் வேண்டாம், அட்டையும் வேண்டாம். தினமும் 20 கணக்கு, கைப்பட. 172.16.45.200/27 என்றால் தொகுதி 32, நெட்வொர்க் .192, பிராட்காஸ்ட் .223, இடையில் 30 ஹோஸ்ட். அரை நிமிடத்துக்குள் வர வேண்டும். தேர்வு 120 நிமிடம், ஒரு கேள்வியைத் தாண்டினால் திரும்பி வர முடியாது.

---

ரூட்டர்மணி:

இரண்டு விஷயம் பாக்கி.

மேப்பில் ஒவ்வொரு கிளையையும் சிஸ்கோவின் நெட்வொர்க் சிமுலேட்டரான பாக்கெட் டிரேசரில் உடைத்துப் பாருங்கள். வேலை செய்யும் லேபை முதலில் சேமித்து, அதன் நகலில் ஒரு கோளாறு மட்டும் புகுத்துங்கள். டிரங்க் பட்டியலிலிருந்து வீலேன் 20ஐ எடுங்கள், ஷோ வெளியீட்டில் எந்த வரி மாறியது என்று பார்த்து, அந்த வரியை உங்கள் சொல்லில் கிளைக்குள் எழுதுங்கள். "டிரங்க் கோளாறு" என்று எழுதிய கிளைக்கும் "அனுமதிப் பட்டியலில் 20 இல்லை, 10, 99 மட்டும்" என்று எழுதிய கிளைக்கும் தேர்வறையில் பெரிய வித்தியாசம் தெரியும், ஏனென்றால் கேள்வியே அந்த வெளியீட்டைத்தான் காட்டும். பாக்கெட் டிரேசர் ஏற்காத கட்டளைகளுக்கு சிஸ்கோவின் சிஎம்எல் (மாடலிங் லேப்ஸ்) இலவசப் பதிப்பு இருக்கிறது, 5 நோட் வரை ஓட்டலாம். ஓஎஸ்பிஎஃப் எம்டியு சோதனைக்கு இரண்டே ரூட்டர் போதும்.

அடுத்து, இணையத்தில் கிடைக்கும் ஆயத்த மேப்புகளில் பெரும்பாலானவை 2020ல் வந்த 1.0 பாடத்திட்டத்துக்குப் போட்டவை. ஆட்டோமேஷன் கிளையில் பப்பெட், செஃப் என்று இருந்தால் அது பழையது. 2024 ஆகஸ்டில் வந்த 1.1ல் அவை போய், ஆன்சிபிளும் டெராஃபார்மும் இருக்கின்றன. எஸ்டிபி பக்கம் ரூட் கார்ட், லூப் கார்ட், பிபிடியு ஃபில்டர், பிபிடியு கார்ட் சேர்ந்திருக்கின்றன. சிஸ்கோ தளத்திலிருந்து தேர்வுத் தலைப்புப் பட்டியலை இறக்கி, உங்கள் பெரிய மேப்பை அதோடு வரிக்கு வரி ஒப்பிட்டுவிடுங்கள்.

---

சப்நெட்_மாணவன்:

"ஓஎஸ்பிஎஃப் வழி டேபிளில் இல்லை"ன்னு மாத்தி, நிலை வாரியா திரும்பப் போட்டுட்டேன். அடுத்து "ஒரே வீலேனில் ரெண்டு பிசிக்கு பிங் போகலை", "பிசியிலிருந்து இணையம் போகலை" ரெண்டும் போடறேன். இணையம் மேப்பில் கேட்வே, டிஎன்எஸ், ஏசிஎல், நேட் (உள் முகவரியை வெளி முகவரியா மாத்தறது), டிஃபால்ட் ரூட் அஞ்சு கிளை போதுமா?

---

வயர்க்கட்டு:

போதும். நேட் கிளையை மட்டும் மூணாப் பிரிங்க: இன்சைட், அவுட்சைட் சரியான இன்டர்ஃபேஸில் இருக்கா; நேட்டுக்கான ஏசிஎல்லில் உள் சப்நெட் அடங்குதா; கட்டளையில் ஓவர்லோட் (ஒரே வெளி முகவரியைப் பல பிசி பகிர்றது) இருக்கா. ஓவர்லோட் விட்டுப்போனா முதல்ல வர்ற ஒண்ணு ரெண்டு பிசிக்கு இணையம் வரும், பூல் தீர்ந்ததும் மத்தவங்களுக்கு வராது. "ஷோ ஐபி நேட் டிரான்ஸ்லேஷன்ஸ்" பார்த்தா உடனே தெரியும். கிளை வரிசையில் டிஎன்எஸ் கடைசி. 8.8.8.8க்கு பிங் போயி பேர் வச்சுக் கேட்டா மட்டும் போகலைன்னா, அப்போ அங்கே போங்க.