ஷெட்டுக்குள் இருந்த ஹெரால்டு உறவுக்காரன்

பழைய கார்களைக் கண்டுபிடித்த கதையை இந்தக் குழுவில் ஆளுக்கு ஒன்றாகச் சொல்லிவிட்டீர்கள். கீழ்ப்பாக்கத்தில் நான் பார்த்ததையும் சொல்லிவிடுகிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன் தெரிந்தவர் ஒருவர் கூப்பிட்டு, ஒரு வயதான அம்மா வீட்டு ஷெட்டில் எம்.ஜி. என்கிற பழைய இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று நிற்கிறது என்றார். கூடவே எங்கள் மெக்கானிக் அண்ணனையும் அழைத்துப் போனேன். இருபது வயதிலிருந்து, நம் சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காரைப் பிரித்துப் பூட்டியவர். தார்ப்பாயை விலக்கினால் சின்னதாக, இரண்டே சீட்டோடு, மேற்கூரை இல்லாத சிவப்பு வண்டி. முன்பக்க எழுத்துகள் எல்லாம் விழுந்துவிட்டன. ஆர்.சி. புத்தகமும் கரையான் தின்றது போக முதல் பக்கம்தான் மிச்சம்.

அண்ணன் நேராகப் போய்ப் பானட்டைத் தூக்கினார். இரண்டு மட்கார்டும் விளக்கும் சேர்ந்து, வண்டியின் மூக்கு முழுசாக முன்னால் சாய்ந்தது. “தம்பி, இது எம்.ஜி. இல்ல. எம்.ஜி.ல மட்கார்டு அங்கேயே நிக்கும். இது நம்ம ஹெரால்டு தெறக்குற மாதிரி தெறக்குது” என்றார். அந்த நொடியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது: இங்கிலாந்து டிரயம்ப் கம்பெனியின் ஸ்போர்ட்ஸ் கார், ஸ்பிட்ஃபயர். ஹெரால்டும் டிரயம்ப் வடிவமைப்புதான். ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் இரண்டுக்கும் உருவம் கொடுத்தவர் இத்தாலியரான ஜியோவானி மிச்சலோட்டி. ஹெரால்டின் சேஸியை, அதாவது அடிச்சட்டத்தை, குட்டையாக்கி, அதன் மேல் கட்டியதுதான் ஸ்பிட்ஃபயர். 1962இல் வெளிவந்தது.

எந்த மார்க், அதாவது எத்தனையாவது மாடல் என்பதை, கம்பெனி அடித்த எண் தகடுதான் சொல்ல வேண்டும். எஞ்சின் அறையில் இருந்த தகட்டை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தோம். எஃப்.சி. என்று தொடங்கி ஐம்பதாயிரத்துக்கு மேல் போனது எண். எஃப்.சி. என்றால் மார்க் 1 அல்லது மார்க் 2. மார்க் 2 வரிசை 50,001இல் தொடங்குகிறது. எஃப்.டி. என்றிருந்தால் மார்க் 3, எஃப்.எச். என்றால் மார்க் 4 அல்லது அதற்கு அடுத்து வந்த 1500. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. சென்னையில் ஒரு மார்க் 2!

ஆனால் எஞ்சினில் அடித்திருந்த எண் எஃப்.சி. இல்லை. எஸ்.யூ. கம்பெனி கார்புரேட்டர் இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் சோலெக்ஸ் கம்பெனியுடையது ஒன்றே ஒன்று. அந்த அம்மாவிடம் கேட்டோம். “ஊட்டி மலையில எஞ்சின் பிடிச்சுக்கிச்சு. எங்க வீட்டுக்காரர்தான் ஹெரால்டு எஞ்சின் வாங்கிப் போட்டார். அதுலதான் எங்க பையனை ஸ்கூலுக்குக் கொண்டுபோய் விடுவார்” என்றார். அசல் எஞ்சின் 1147 சிசி, இது 948. சிலிண்டர் விட்டம்தான் வேறு, 69.3 மில்லிமீட்டருக்குப் பதில் 63. ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், இரண்டிலும் 76. ஒரே குடும்பத்து எஞ்சின்கள், அதனால் பொருந்தியிருக்கிறது. அசல் எஞ்சின் இல்லாவிட்டால் மதிப்பு போய்விடும் என்று சிலர் சொல்வார்கள். நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். அவர் அந்த எஞ்சினைப் போட்டதால்தான் வண்டி ஊட்டியோடு முடிந்துபோகாமல் வீடு வந்து சேர்ந்தது.

சரி, பாகங்கள். இதில்தான் சென்னைக்காரர்களுக்கு ஒரு கொடுப்பினை. பெருங்களத்தூர் ஸ்டாண்டர்ட் ஆலையில் 1960களில் ஹெரால்டு செய்தார்கள். அதனால் பழைய உதிரிபாகக் கடைகள் இருக்கும் புதுப்பேட்டைக்குப் போய் “ஸ்பிட்ஃபயர்” என்று கேட்காதீர்கள். கையை விரித்துவிடுவார்கள். “ஹெரால்டு” என்று கேளுங்கள். “பாய், ஹெரால்டு ரேக் இருக்கா?” என்று நாலு கடை ஏறி இறங்கியதில் ஸ்டியரிங் ரேக், வாட்டர் பம்ப், பின் ஆக்சில் (சக்கர அச்சு) மடங்கும் இணைப்புக்கான யூ.ஜே. கிராஸ், எல்லாம் கிடைத்தன. ஒரு பாய் பரணிலிருந்து பிரிக்காத அட்டைப்பெட்டியாகவே இறக்கிக் கொடுத்தார். ஒரு எச்சரிக்கை: ஹெரால்டுக்குப் பின் ஸ்டாண்டர்ட் செய்த கஸல் வண்டியின் பின்பக்கப் பாகங்களை வாங்கிவிடாதீர்கள். அதில் இரண்டு பின்சக்கரத்தையும் சேர்க்கும் ஒரே துண்டான லைவ் ஆக்சில், ஸ்பிட்ஃபயருக்கு ஒத்துவராது.

ஸ்பிட்ஃபயரின் முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக். நம் ஹெரால்டில் அது கிடையாது. எனவே டிஸ்க்கைக் கவ்வும் கேலிப்பருக்கான ரப்பர் சீல்களை இங்கிலாந்தில் லிங்கனில் உள்ள ரிம்மர் பிரதர்ஸ் என்ற பாகக் கடையிலிருந்து வரவழைத்தேன். சுங்கவரியோடு சேர்த்தால் விலை கடிக்கத்தான் செய்யும், ஆனால் பிரேக்கில் கணக்குப் பார்க்கக் கூடாது.

முன் சஸ்பென்ஷனில் கீழே, சக்கரம் திரும்பும் மூட்டாக, வெண்கல டிரனியன் ஒன்று இருக்கிறது. பட்டறைப் பையன்கள் பழக்கத்தில் அதற்கும் கிரீஸ் அடித்துவிடுவார்கள். அதற்கு 90 கியர் ஆயில்தான் விட வேண்டும். எண்ணெய் காய்ந்து துரு ஏறினால் அதில் நிற்கும் செங்குத்துக் கம்பி ஒருநாள் முறிந்து, ஓடும்போதே சக்கரம் மடிந்துவிடும். ஸ்பிட்ஃபயர், ஹெரால்டு எது வைத்திருந்தாலும் இன்றைக்கே போய்ப் பாருங்கள். அப்புறம் நட்டுகள் எல்லாம் அங்குலக் கணக்கு, மில்லிமீட்டர் ஸ்பானரை வைத்தால் முனை மழுங்கிவிடும். இந்த மார்க் 2வில் பேட்டரியின் பிளஸ் முனைதான் பாடியில் சேர வேண்டும். இது தெரியாமல் எலக்ட்ரீஷியன் ஒருவர் மாற்றிக் கொடுத்து, புதிதாகப் போட்ட ரேடியோ அன்றே புகைந்துபோனது.

போன தை மாதம் வண்டி ஓடியது. அந்த அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, காலை ஆறு மணிக்கு மெரினா வரை போய் வந்தோம். வழி முழுக்க அவர் ஒன்றும் பேசவில்லை, கதவின் மேல் கையை வைத்தபடியே வந்தார்.

இன்னும் கிடைக்காதது இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டரை எஞ்சினோடு இணைக்கும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டும், கூரைத் துணியைத் தாங்கும் இரும்புச் சட்டமும். எங்காவது கண்ணில் பட்டால் சொல்லுங்கள், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.