பனாமா கால்வாய் முழுக் கடப்பு: 32 மீட்டர் கப்பலா, 41 மீட்டர் கப்பலா?

ஆழி:
பனாமா கால்வாயை ஒரு கடலிலிருந்து மறு கடல்வரை முழுதாகக் கடக்கும் பயணம். இரண்டு கப்பல்கள் கணக்கில் இருக்கின்றன.

முதல் கப்பல்: 294 மீட்டர் நீளம், 32.2 மீட்டர் அகலம், சுமார் 2,000 பயணிகள். ஜனவரியில் ஃபோர்ட் லாடர்டேலில் கிளம்பி லாஸ் ஏஞ்சலிஸ்.
இரண்டாவது: 333 மீட்டர் நீளம், 41.4 மீட்டர் அகலம், சுமார் 4,000 பயணிகள். அக்டோபர் கடைசியில் லாஸ் ஏஞ்சலிஸில் கிளம்பி மயாமி.

கட்டணத்தில் பெரிய வித்தியாசமில்லை. உணவகம், அரங்கு, நீச்சல் குளம் எல்லாம் இரண்டாவதில்தான் அதிகம். ஆனால் போவதே கால்வாயைப் பார்க்கத்தான். லாக்குகள் (கப்பலைத் தண்ணீரோடு ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டிகள்) எதில் நன்றாகத் தெரியும்? பால்கனி எடுத்தால் எந்தப் பக்கம்? மூன்று பேரில் ஒருவருக்கு மடக்கும் சக்கர நாற்காலி உண்டு.

வடக்கயிறு:
அகலத்தைச் சொன்னீர்களே, பாதி வேலை முடிந்தது. பெரும்பாலோர் உணவகங்களை எண்ணிவிட்டு வந்து கேட்பார்கள்.

1914-இல் திறந்த பழைய லாக் தொட்டிகளின் அகலம் 33.5 மீட்டர். அதில் நுழையக்கூடிய கப்பலின் உச்ச அகலம் சுமார் 32.3, நீளம் 294. உங்கள் முதல் கப்பல் அந்த எல்லைக்கே அளந்து கட்டியது. கோரல் பிரின்சஸ், ஐலண்ட் பிரின்சஸ் எல்லாம் இந்த வகை. உள்ளே நின்றால் பக்கத்துக்கு ஏறக்குறைய 65 சென்டிமீட்டர்தான் இடைவெளி. இரண்டாவது கப்பல் 2016 ஜூனில் திறந்த புதிய லாக்குகளில் மட்டுமே போக முடியும். அந்தத் தொட்டியின் அகலம் 55 மீட்டர். இருபுறமும் ஏழு மீட்டர் அளவுக்குத் தண்ணீர் தெரியும்.

ஆகவே நீங்கள் தேர்ந்தெடுப்பது கப்பலை மட்டுமல்ல, எந்த லாக் வழியே கடக்கிறீர்கள் என்பதையும்தான்.

பழைய வழியில் கரிபியன் பக்கமிருந்து வந்தால் காட்டூனில் மூன்று தொட்டி, 26 மீட்டர் மேலே. பிறகு காட்டூன் ஏரி, குலேப்ரா வெட்டு (மலையை வெட்டிய கால்வாய்ப் பகுதி). அப்புறம் பெத்ரோ மிகேலில் ஒரு தொட்டி, மிராஃப்ளோரெஸில் இரண்டு, பசிபிக்குக்கு இறக்கம். ஆக ஆறு தொட்டி, மூன்று இடங்களில். இரு கரையிலும் தண்டவாளத்தில் ஓடும் எஞ்சின்களுக்குப் பெயர் 'மியூல்', அதாவது கோவேறு கழுதை. பெயரைக் கேட்டு அவை கப்பலை இழுப்பதாக நினைத்துவிடாதீர்கள். கப்பல் தன் சொந்த எஞ்சினில்தான் நகரும். மியூல்களின் வேலை கம்பி வடத்தை இழுத்தும் தளர்த்தியும் கப்பலை நடுவில் வைத்திருப்பது. அந்த வடத்தின் முனைக் கயிற்றை இன்றும் துடுப்புப் படகில் இரண்டு பேர் கொண்டுவந்து கப்பலுக்குக் கொடுக்கிறார்கள். அணியத்தில், அதாவது கப்பலின் முன்முனையில், நின்றால் இது கண்ணுக்கு நேரே நடக்கும், சில நிமிடம்தான், தவற விடாதீர்கள்.

புதிய வழியில் மியூல் கிடையாது. முன்னால் ஓர் இழுவைக் கப்பல், பின்னால் ஒன்று, அவ்வளவே. கரிபியன் பக்கம் அகுவா கிளாராவில் மூன்று தொட்டி, பசிபிக் பக்கம் கொகோலியில் மூன்று. பெத்ரோ மிகேலும் மிராஃப்ளோரெஸும் உங்கள் வழியில் வராது, பக்கத்தில் தெரியும். கதவுகளும் வேறு மாதிரி: பழையவை இரட்டைக் கதவாக விரிந்து திறக்கும், புதியவை பக்கச் சுவருக்குள் உருண்டு போகும்.

லாக்குகளுக்காகத்தான் போகிறீர்கள் என்றால் என் ஓட்டு முதல் கப்பலுக்கு.

பால்கனி பற்றி: பழைய லாக்கில் கீழ்த்தளப் பால்கனியிலிருந்து தெரிவது ஈரக் கான்கிரீட் சுவர். தொட்டி நிரம்ப நிரம்பச் சுவர் கீழே இறங்கும். அதுவும் ஒரு வேடிக்கைதான், ஆனால் பத்து நிமிடத்துக்கு மேல் தாங்காது. இணையாக உள்ள இரண்டு பாதைகளில் எதில், எந்தச் சுவரை ஒட்டி என்பதும் முன்கூட்டித் தெரியாது. பக்கத்தை முடிவு செய்ய வெயில்தான் உதவும். கரிபியனிலிருந்து பசிபிக் போகும் கப்பல் தென்கிழக்கே போகிறது (மேற்கே போவதாகப் பலர் நினைப்பார்கள்). அணியத்தைப் பார்த்து நின்றால் இடப்பக்கத்தில் காலை வெயில். வலப்பக்கத்தில் நண்பகலுக்குப் பின் கொளுத்தும். ஜனவரிக் கப்பலுக்கு இடப்பக்கம் எடுங்கள். அக்டோபர் கப்பல் எதிர்த்திசை, அதில் வலப்பக்கம் பிற்பகலில் நிழலாக இருக்கும்.

நீரோட்டம்:
ஒரு திருத்தம். 32 மீட்டர் கப்பல் என்றால் பழைய லாக்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. குறுகிய கப்பலும் புதிய லாக்கில் போகலாம். அது நிறுவனம் செய்யும் முன்பதிவையும் கால்வாய் நிர்வாகம் தரும் இடத்தையும் பொறுத்தது. முன்பணம் கட்டுமுன் மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள்: எந்த லாக், பகலிலேயே முழுக் கடப்பா, அன்று முன்தளத்தைப் பயணிகளுக்குத் திறப்பார்களா. மூன்றாவதுதான் முக்கியம். சில கப்பல்களில் அணியத்தளம் மாலுமிகளுக்கு மட்டும். கால்வாய் நாளன்று திறந்துவிடுவோரும் உண்டு, திறக்காதவரும் உண்டு.

புதிய லாக்கைச் சப்பென்று சொல்வதையும் நான் ஏற்கமாட்டேன். பெரிய கப்பலின் மேல்தளத்திலிருந்து பழைய பாதையில் கப்பல்கள் ஏறி இறங்குவது முழுதாகத் தெரியும். உங்கள் அக்டோபர் கப்பல் பசிபிக்கிலிருந்து வருவதால், கொகோலியில் வலப்பக்கம் மிராஃப்ளோரெஸ், அகுவா கிளாராவில் இடப்பக்கம் காட்டூன். தொட்டிகளுக்குப் பக்கத்தில் படிப்படியாக இருக்கும் சேமிப்புக் குளங்களையும் பாருங்கள். ஒரு கடப்புக்கான தண்ணீரில் 60 சதவீதத்தை அவை மறுபடி பயன்படுத்துகின்றன. கீழிருந்து பார்த்தால் இது விளங்காது.

ஆனால் 4,000 பேர் ஒரே கைப்பிடிக் கம்பிக்குப் போட்டியிட்டால் என்ன ஆகும் என்பதையும் யோசியுங்கள். எந்தக் கப்பலானாலும் காலை ஆறு மணிக்கு முன்பே இடம் பிடித்துவிடுங்கள். முதல் லாக்கில்தான் கூட்டம். இரண்டாம் கட்டத்துக்குள் பாதிப் பேர் சாப்பிடப் போய்விடுவார்கள், அப்போது அணியம் காலியாகக் கிடைக்கும்.

கலங்கரை:
பருவத்தை யாரும் தொடவில்லை. பனாமாவில் டிசம்பர் பின்பாதி முதல் ஏப்ரல்வரை வறண்ட காலம். அக்டோபர், நவம்பரில் நல்ல மழை. பிற்பகலில் குலேப்ரா வெட்டே மறைந்துபோகும் அளவுக்குப் பெய்யலாம். இரு பக்கக் கடலிலும் புயல் பருவம் நவம்பர்வரை ஓடுவதால் துறைமுகம் மாறவும் வாய்ப்புண்டு.

ஜனவரிக்கும் குறை இருக்கிறது. கொலம்பியாக் கரையோரம் காற்று வலுத்து கடல் கொந்தளிக்கும். மெக்சிகோவின் தெவான்டெபெக் வளைகுடாவில் மலை இடுக்கு வழியே வடகாற்று பாய்ந்து வரும், கப்பல் நன்றாக ஆடும். குமட்டல் வருவோர் இருந்தால் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தள அறை எடுங்கள். கால்வாய்க்காக மேல்தளப் பால்கனி, ஆட்டத்துக்காகக் கீழ்த்தளம் என்று இரண்டும் ஒரே அறையில் கிடைக்காது. கால்வாய் ஒரே நாள்தான், மீதி இரண்டு வாரமும் தூங்க வேண்டும்.

இன்னொன்று, மேற்கே போகும் பயணத்தில் கடிகாரத்தைப் பின்னால் தள்ளுவதால் 25 மணி நேர நாள்கள் கிடைக்கும். கிழக்கே வருவதில் தூக்கம்தான் குறையும்.

ஆழி:
நன்றி, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. இரண்டு சந்தேகம். 2023-இல் தண்ணீர் இல்லாமல் கப்பல்களைக் குறைத்தார்களே, அது மாதிரி நடந்தால்? அடுத்து, லாஸ் ஏஞ்சலிஸுக்கு முன்பே மெக்சிகோவில் இறங்கி விமானம் பிடிக்கலாமா?

வடக்கயிறு:
2023 வறட்சியில் இரண்டு கட்டுப்பாடு வந்தது: ஒரு நாளைக்கு எத்தனை கப்பல், கப்பலின் அடிப்பகுதி தண்ணீருக்குள் எவ்வளவு ஆழம் மூழ்கலாம். மூழ்கும் ஆழம் சரக்குக் கப்பல்களின் தலைவலி. பயணிகள் கப்பல் எட்டு, ஒன்பது மீட்டர்தான் மூழ்கும். அப்போது புதிய லாக்குகளுக்கு விதித்த எல்லையே 13.4 மீட்டர். எண்ணிக்கைக் குறைப்பும் முன்பதிவு உள்ள கப்பலை அவ்வளவாகத் தொடாது. குரூஸ் நிறுவனங்கள் வெகு முன்னதாகவே நாள் வாங்கிவிடும்.

மெக்சிகோவில் இறங்க முன்கூட்டி எழுத்தில் அனுமதி வேண்டும். கேட்காமல் இறங்கினால் எந்த இடத்தில் இறங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்து அபராதம்கூட உங்கள் தலையில் விழலாம். அபராதத்துக்குப் பின்னால் இருப்பது ஒரு சட்டம்: ஓர் அமெரிக்கத் துறைமுகத்தில் ஏற்றி வேறோர் அமெரிக்கத் துறைமுகத்தில் இறக்க வேண்டுமென்றால், வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் நடுவில் தொலைதூர வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றைத் தொட வேண்டும். 1886-ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் அது. பக்கத்து மெக்சிகோ துறைமுகத்தைத் தொடுவது இந்தத் தொலைதூரக் கணக்கில் வராது. தென் அமெரிக்கத் துறைமுகங்களும் அரூபா, குராசாவ் தீவுகளும் வரும். இந்த வழிப் பயணங்களில் கொலம்பியாவின் கார்த்தகேனா அடிக்கடி தென்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். விசா தேவைப்படுவோர் கவனிக்க: அமெரிக்காவை விட்டுக் கிளம்பி மறுபடி உள்ளே வருகிறீர்கள், ஒருமுறை நுழைவு விசா போதாது.

நீரோட்டம்:
சக்கர நாற்காலி பற்றி: பயணத் திட்டத்தில் 'டெண்டர்' என்று போட்டிருக்கும் துறைமுகங்களை எண்ணுங்கள். கப்பல் வெளியே நங்கூரமிட்டு, சிறு படகில் கரை சேர்ப்பார்கள். கபோ சான் லூகாஸ் அப்படித்தான், நிகராகுவாவின் சான் ஹுவான் டெல் சூரும் அப்படித்தான். மடக்கும் நாற்காலியைப் படகில் ஏற்றுவார்கள். ஆனால் உட்கார்ந்திருப்பவர் சில அடி நடந்தோ படி இறங்கியோ ஏற வேண்டியிருக்கும், அலை அதிகமென்றால் அதையும் மறுப்பார்கள். மின்சார நாற்காலியைப் பெரும்பாலும் ஏற்ற மாட்டார்கள். கால்வாய் நாளில் இறங்கவே வேண்டாம் என்பதால் அன்றைக்குச் சிக்கலில்லை. முன்தளத்துக்கு மின்தூக்கி போகிறதா, வழியில் உயரமான நிலைப்படி உண்டா என்று மட்டும் கேட்டு வையுங்கள். பழைய வடிவமைப்பில் கனமான இரும்புக் கதவும் காலளவு படியும் அங்கேதான் இருக்கும்.