டிஷ்வாஷர் தண்ணீர் ஏற்றும்போதே நின்றுவிடுகிறது: போர்டை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி (ஒயிட்ஃபீல்டு, பெங்களூரு)

அனைவருக்கும் வணக்கம். நான்கு மாடிக் கட்டடத்தின் கடைசி மாடியில் குடியிருக்கிறோம். 3 ஆண்டுகளாகக் குறையின்றி ஓடிய எங்கள் டிஷ்வாஷர், கடந்த 2 வாரங்களாக, கழுவத் தொடங்கிய சில நிமிடங்களிலேயே நின்றுவிடுகிறது. முகப்பில் குழாய்ப் படமிட்ட விளக்கு எரிகிறது. குழாயை முழுவதும் திறந்துதான் வைத்திருக்கிறேன். சில நாள் முழுச் சுற்றும் ஓடுகிறது, சில நாள் ஓடுவதில்லை. பழுது பார்க்க வந்தவர் எதையும் கழற்றிப் பார்க்காமலே, போர்டு (இயந்திரத்தை இயக்கும் மின்னணுப் பலகை) போய்விட்டது, மாற்ற 9,000 ரூபாய் ஆகும் என்று சொல்லிவிட்டார். மாமியாருக்கு விரல் மூட்டுவலி இருப்பதால்தான் இதை வாங்கினோம். அவர் மறுபடியும் பாத்திரம் துலக்குவதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. நானே சோதிக்கக்கூடியது ஏதேனும் உண்டா?

மறுமொழி (ஜெயநகர்)

சகோதரி, போர்டுக்கு இப்போதே பணம் கொடுத்துவிடாதீர்கள். குறித்த நேரத்துக்குள் போதிய தண்ணீர் உள்ளே வரவில்லை என்பதற்காகத்தான் அந்த விளக்கு எரிகிறது. முதலில் மின்செருகியைக் கழற்றி, குழாயை மூடுங்கள். பிறகு இயந்திரத்தின் பின்புறம் இணைந்திருக்கும் ஹோஸைக் கழற்றி, அதன் முனையை வாளிக்குள் விட்டுக் குழாயைத் திறந்து, ஒரு லிட்டர் நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். தண்ணீர் தாராளமாக வந்தால், ஹோஸ் திருகும் வாயில் உள்ள சிறு சல்லடையில்தான் அடைப்பு இருக்க வேண்டும். அங்கேயும் தண்ணீர் மெலிந்து வந்தால், குறை வீட்டுக் குழாயில் இருக்கிறது. ஹோஸின் குழாய்ப்பக்க முனையில் பெட்டி போன்ற பகுதி இருந்தால், அதற்குள் மின்வால்வு இருக்கும். அதை வெட்டவோ நீரில் அமிழ்த்தவோ கூடாது. உங்களுக்கு வருவது டேங்கர் தண்ணீரா?

கேட்டவர்

ஆம் ஐயா, மார்ச் மாதத்திலிருந்து பெரும்பாலும் டேங்கர்தான். ஒரு லிட்டர் நிறைய 14 விநாடி ஆயிற்று. சல்லடையைக் குறடால் மெல்ல இழுத்தெடுத்தபோது, நுண்மணலும் வெள்ளைக் காறையும் அப்பியிருந்தன. வினிகரில் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்துப் பொருத்தினேன். 3 நாள் நன்றாக ஓடியது. இன்று காலை மறுபடியும் அதே விளக்கு. சல்லடை சுத்தமாகவே இருக்கிறது.

மறுமொழி (மல்லேஸ்வரம்)

அம்மா, நீங்கள் கடைசி மாடியில் இருப்பதுதான் இங்கே முக்கியம். 10 மீட்டர் உயர நீர், ஏறத்தாழ 1 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தம் தரும். மொட்டைமாடித் தொட்டியின் நீர்மட்டம் உங்கள் குழாயிலிருந்து 4 மீட்டர் உயரத்தில் இருந்தால், கிடைப்பது 0.4 பார், தொட்டி வற்றிவரும்போது அது 0.3 பாருக்கு இறங்கிவிடும். பல டிஷ்வாஷர்கள் குறைந்தது 0.3 முதல் 0.5 பார் வரை கேட்பவை. சில நாள் ஓடி, சில நாள் நிற்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். முதல் மாடிக்காரருக்கு இந்தத் தொல்லையே வந்திருக்காது. இன்று காலை தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருந்தது என்று காவலாளியிடம் கேளுங்கள். சமையலறைக் குழாய்வழிக்குச் சிறிய பிரஷர் பம்ப் ஒன்று வைத்தால் தீரும். மணலைத் தடுக்க வடிகட்டியும் வைப்பதானால், பம்ப்புக்குப் பின்னால் வையுங்கள். வடிகட்டியும் அழுத்தத்தைச் சற்றுக் குறைக்கும். காறை படிந்ததைப் பார்த்தால் தண்ணீர் கடினமானது. கடின நீரை மென்மையாக்க இயந்திரத்தில் போடும் டிஷ்வாஷர் உப்பு தீர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அயோடின் கலந்த சமையல் உப்பைப் போட்டுவிடாதீர்கள்.

கேட்டவர்

இருவருக்கும் மிகுந்த நன்றி. அன்று காலை தொட்டியில் கால்பங்குத் தண்ணீர்தான் இருந்ததாம். இப்போது தொட்டி நிரம்பியபின் காலை 7 மணிக்கு இயக்குகிறோம். 9 நாட்களாக விளக்கு எரியவில்லை. உப்புப் பெட்டி காலியாகத்தான் இருந்தது, நிரப்பிவிட்டேன். பம்ப் வைக்கக் குடியிருப்போர் சங்கத்திடம் அனுமதி கேட்டிருக்கிறேன். போர்டு பழையதேதான்.